முன்னறைக் கடையும் முதல் பக்கமும்

ஓய்வு பெற்ற கணவனை வீட்டில் எதற்குப் பயன்படுத்துவது என்பது இன்னும் தீராத கேள்வி. முன்பு கரண்ட் பில் கட்ட அனுப்பினார்கள். அதையும் இப்போது மகள் செல்போனிலேயே முடித்துவிடுகிறாள். ஆகவே மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மனைவி நடத்தும் ப்ளவுஸ் தையல் கடைக்கு 'இணையப் பிரிவுத் தலைவர்' என்று நானே பதவியேற்றுக்கொண்டேன். சம்பளம் கிடையாது. யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

காரணம், பக்கத்துத் தெருவில் புதிதாக முளைத்த கடை. 'ஆரி வொர்க் நியர் மீ' என்று தட்டினால் அது வருகிறது. இத்தனை வருடமாக மெஷின் மிதிக்கும் என் மனைவி வரவில்லை. "வராட்டி என்னங்க? தெருவே நம்மகிட்டதானே தைக்குது" என்றாள். தொலைநோக்கு இல்லாதவள்.

கடைக்காரர்கள் தங்கள் விவரத்தைப் பதிந்துகொள்ள கூகுள் இலவசமாகவே ஓர் இடம் தருகிறது. 2014இல் 'கூகுள் மை பிசினஸ்' என்று தொடங்கி, 2021இல் 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' ஆயிற்று. பெயரை மாற்றினாலே துறை முன்னேறிவிட்டதாகக் கணக்கெழுதும் ஆபீசில் காலம் தள்ளியவன் நான். பார்த்ததுமே மரியாதை வந்துவிட்டது.

கடை போர்டில் என் மாமியார் பெயர் மட்டும்தான் இருக்கும். அது போதாதென்று 'நம்பர் 1 ப்ளவுஸ் ஸ்டிச்சிங் ஆரி வொர்க் லெஹங்கா சுடிதார் மடிப்பாக்கம் வேளச்சேரி' என்று வால் சேர்த்தேன். மகள் பார்த்துவிட்டு, "போர்டுல என்ன இருக்கோ அதைத்தான்பா போடணும். இப்படி அடைச்சா கணக்கையே முடக்கிடுவாங்க" என்று வாலை நறுக்கினாள். கூகுள் முக்கியமாகப் பார்ப்பது மூன்றே விஷயம்தானாம்: தேடுகிறவர் கேட்பதற்குக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், கடையை நாலு பேருக்குத் தெரியுமா. பொருத்தம் என்றதும் வகை என்ற கட்டத்தைத் திறந்தாள். கம்பீரமாக இருக்கட்டுமென்று 'துணிக்கடை' என்று போட்டிருந்தேன். அப்படியே விட்டிருந்தால் நைட்டி இருக்கிறதா என்று கேட்டு எத்தனை போன் வந்திருக்கும் என்பது அப்போதுதான் புரிந்தது. 'தையல்காரர்' என்று மாற்றினாள்.

போர்டுக்குக் கீழே நான் கைகட்டி நிற்கும் படமும் போயிற்று. பதிலாக, சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய பச்சைப் பட்டில் அவள் அம்மா ஆரி போடுவதை அருகில் வைத்து எடுத்தாள். ஊசி மேலிருந்து இறங்கும்; துணிக்கு அடியில் இடது கை பிடித்திருக்கும் ஜரிகையைக் கொக்கியால் கவ்விக்கொண்டு மேலே வரும். ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. படத்தில் நான் இல்லாதது ஒரு குறைதான்.

அடுத்து, கடை நம்முடையதுதான் என்று நிரூபிக்க வீடியோ கேட்டார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: தெரு, போர்டு, உள்ளே மெஷின், பிறகு நிர்வகிப்பது நாம்தான் என்பதற்கு அடையாளமாகப் பூட்டைத் திறப்பது மாதிரி ஒன்று. தெருவும் போர்டும் அழகாக வந்தன. பூட்டருகே போனதும்தான் சாவி என்னிடம் இல்லை, என்றைக்குமே இருந்ததில்லை என்பது உறைத்தது. மறுபடி எடுத்தபோது மனைவியே வந்து இடுப்புக் கொத்திலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். நிர்வாகி யாரென்று கூகுளுக்குச் சந்தேகம் தீர்ந்து ஒப்புதல் வந்தது.

அன்றே முன்னறையில் உட்கார்ந்து தேடினேன். முதல் இடம்! அதிகாரத்தோடு காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். மறுநாள் வேளச்சேரி ரயில் நிலையத்தில் நண்பரிடம் காட்டலாமென்று தேடினால், அந்தப் பக்கத்து டெய்லர்களெல்லாம் வரிசையாக வருகிறார்கள். நம் கடையைக் காணோம். "மெஷினுக்கு மூணடி தள்ளி உட்கார்ந்து தேடினா முதல்ல வராம என்னப்பா பண்ணும்? தூரம்னு சொன்னேனே" என்றாள் மகள். அந்தச் சமயம் பார்த்து, கூகுளிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு குரல்: மாதம் 3,000 ரூபாய், எங்கே தேடினாலும் முதலிடம். என் கை பர்ஸுக்குப் போயிற்று. விளம்பரத்துக்குக் காசு வாங்குவார்களே தவிர, மேப் வரிசையில் நல்ல இடத்தைக் கூகுள் விற்பதில்லை என்று மகள் போனை வாங்கி வைத்தாள்.

மிச்சம் இருந்தது நாலு பேருக்குத் தெரிவது. தஞ்சாவூரிலிருந்து என் தங்கை ஐந்து நட்சத்திரம் போட்டு 'அண்ணி கை தங்கம்' என்று எழுதினாள். இந்தக் கடையில் ஒரு ஹூக்கூட அவள் தைத்துக்கொண்டதில்லை. 'ஐந்து ஸ்டாருக்கு ஃபால்ஸ் இலவசம்' என்று நோட்டீஸும் தயார் செய்தேன். இரண்டுமே கூகுள் விதிகளை மீறுவதாம். போதாததற்கு, குக்கருக்கு முத்திரை குத்தும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்திருக்கிறது. பாசமும் ஃபால்ஸும் கூடவா அதில் சிக்க வேண்டும்?

கடைசியில், யாரும் கேட்காமலே ஒரு பெண் எழுதினார்: "ஷோல்டர் இறங்கவில்லை. கை பிடிக்கவில்லை. சொன்ன தேதிக்குக் கிடைத்தது. வாசலில் உட்கார்ந்திருக்கும் அங்கிள்தான் ரொம்பப் பேசுகிறார்." நான்கு நட்சத்திரம்.

விமர்சனத்துக்குப் பதில் எழுதுவது நல்லது என்று கூகுளே சொல்கிறது. 'பார்வையில் காணும் தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று தொடங்கி முக்கால் பக்கம் தயாரித்தேன். மனைவி படித்துப் பார்த்துவிட்டு மகளிடம் தானே சொல்லி எழுத வைத்தாள்: "நன்றிம்மா. அடுத்த தடவை ரெண்டு மணிக்கு மேல வாங்க. அவர் தூங்கிட்டிருப்பார்."

அதை நிறையப் பேர் படித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. இப்போதெல்லாம் இரண்டு மணிக்கு மேல்தான் கடையில் கூட்டம். அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கமே வருவதில்லை.