பென்சில்வேனியா மாமா

ஆரணிப் பட்டு நெய்யும் திருமலையில் ‘பென்சில்வேனியா மாமா’ வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும். அமெரிக்காவில் அவருக்குச் சொந்தபந்தம் கிடையாது, பாஸ்போர்ட்டும் கிடையாது. 2024 அக்டோபர் முழுக்க, அமெரிக்க அதிபர் தேர்தலை வைத்து அந்த ஒரு மாநிலத்தையே பேசித் தீர்த்தார், பேர் ஒட்டிக்கொண்டது. ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு, எங்களுக்கு இவர்.

கால் இரண்டும் தறிக்குழிக்குள், கை நாடாவில், கண் மட்டும் கம்பத்தில் சாய்த்து வைத்த செல்போனில். பாவில் இழை அறுந்தால் பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்ல வேண்டும். மிச்சிகனில் ஒரு சதவீதம் சரிந்தால் தானே தெரிந்துகொள்வார்.

“மொத்தம் 538 எலக்டோரல் ஓட்டு அக்கா. 270 வந்தா ஜெயிச்சான். பென்சில்வேனியா மட்டுமே 19!”

“2016-ல அந்தம்மா ஹிலாரி 28 லட்சம் ஓட்டு கூட வாங்குச்சின்னியே, அப்புறம் எப்டிப்பா தோத்துச்சி?”

“கலிபோர்னியா, நியூயார்க்கு, டெக்சாஸ் எல்லாம் சேலையோட உடல். நெய்ஞ்சாச்சு, இனிமே கலர் மாறாது. பார்டர்ல ஏழு மாநிலம் இருக்குது பாரு, வெலை அதுலதான்.”

டிவி விவாதங்களில் கோட்டு போட்டவர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஆனால் கணிப்பு என்று வந்தால் மாமாவிடம் இருப்பது ஒரே சொல்: “இழுபறி.” 2024 ஏப்ரல் 19-ல் ஆரணி மக்களவைத் தொகுதிக்கு வாக்குப்பதிவு. போளூரிலிருந்து மயிலம் வரை ஆறு சட்டமன்றத் தொகுதி. ஆறும் இழுபறி என்றார். ஜூன் 4-ல் தி.மு.க.வின் தரணிவேந்தன் இரண்டு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். “நான் சொன்னது ரெண்டாவது எடத்துக்குப்பா” என்றார் மாமா, டீயை ஊதிக்கொண்டே. நவம்பரில் அந்த ஏழு மாநிலத்தையும் டிரம்ப் வாரிக்கொண்டு போனார். மாமா அசரவில்லை. “விஸ்கான்சின்ல ஒரு பர்சென்ட்டுகூட வித்தியாசமில்ல. இழுபறியா, இல்லியா?” இது மட்டும் நிஜம், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினார்.

அவர் ஓட்டு யாருக்கு என்பது பெண்டாட்டிக்கே தெரியாது. பட்டனை அழுத்திவிட்டு, விவிபேட் கண்ணாடிக்குள் சீட்டு தெரியும் ஏழு விநாடியும் கண்கொட்டாமல் பார்ப்பார். வெளியே நிற்கும் இரண்டு கட்சிப் பையன்களுக்கும் ஒரே சிரிப்பு. இருவருமே அவரைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

அந்த அமெரிக்கத் தேர்தல் பேச்சுக்கு நடுவே ஒரு நாள் முதலாளி வந்துவிட்டார். கல்யாணச் சேலை, முகூர்த்தம் நெருங்குகிறது.

“இன்னாப்பா, சேல இன்னும் அறுக்கலியா?”

“பென்சில்வேனியாவுல தபால் ஓட்டு உறைய எலக்‌ஷன் அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு முன்னாடி பிரிக்கக் கூடாதுன்னு சட்டம் முதலாளி. அதான் அங்க லேட்டு.”

“உன் தறிக்கு இன்னா சட்டம்?”

மாமா நெய்தது, நெய்ய வேண்டியது இரண்டையும் ஒரு பார்வை பார்த்தார்.

“இழுபறிதான் முதலாளி. வெள்ளிக்கிழம சொல்றேன்.”