வெற்றிடவியல்: கொள்ளுப்பிட்டி மாணவி ஒருத்தியின் ரசனை பற்றிய முதனிலை ஆய்வு

வெற்றிடம் எனப்படுவது யாதோவெனின், எழுத்தும் படமும் போக ஒரு தாளில் எஞ்சி நிற்கும் வெள்ளை என்க. எஞ்சுவதன்று, வேண்டுமென்றே விடுவது என்பர் வடிவமைப்புப் பயில்வோர். இவ்விரு கொள்கையினரும் ஒரே வீட்டில் சமைத்துண்டு வாழ்தல் அரிது. வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குப் போய் கிராபிக் டிசைன் படிக்கும் மருமகள் ஒருத்தி எனக்கு வாய்த்திருப்பதால், ஆய்வுக்களம் செலவின்றிக் கிடைத்தது.

முதற்கண் ரசனை. அவளுக்கு உவப்பன: வெள்ளை, கறுப்பு, அளவாக ஒரு சிவப்பு, ஹெல்வெட்டிகா. உவவாதன: தங்க நிறம், நிழல் விழுந்த எழுத்து, சோடி மயில், அவளுடைய அம்மா வட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கங்கள் அனைத்தும். ஹெல்வெட்டிகா 1957இல் சுவிட்சர்லாந்தில் மக்ஸ் மீடிங்கர் வரைந்த எழுத்துரு. அவள் ஏறும் பஸ்ஸிலோ சாரதியின் தலைக்கு மேல் புத்தரும் பிள்ளையாரும் பிளாஸ்டிக் மாலையும் மினுங்கும் பல்புகளும் தோளோடு தோள் இடித்து நிற்கும். ரசனை சூழலால் விளையும் என்னும் கோட்பாடு இவ்விடத்தில் இடறுகிறது. பஸ்ஸைக் கண்ட பயத்தில்தான் சுவிட்சர்லாந்துக்கு ஓடினாள் என்பாரும் உளர்.

எதிர்க்கொள்கையின் தலைவி அவளுடைய அம்மா, அதாவது என் அக்கா. மகளின் சுவரொட்டியைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கேட்டது: "ஏன் பிள்ளை, இவ்வளவு இடம் சும்மா கிடக்கு? ஒரு பூவையாவது வையன்."

இதைப் பாமர வாக்கென்று தள்ளலாகாது. என்னை? 1877இல் இதே கொள்ளுப்பிட்டியில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908இல் இங்கிலாந்தில் தாமே மேற்பார்த்து அச்சிட்டார், 425 பிரதிகள். அதை அடித்த கைப்பொறி முன்பு வில்லியம் மொரிஸின் அச்சகத்தில் இருந்தது. மொரிஸோ, பக்க ஓரத்தில் பெருவிரல் வைக்கவும் இடம் விடாமல் கொடியும் இலையும் படரவிட்ட மனிதர். ஆகவே அக்காவின் பூ மொரிஸ் மரபு வழி வந்தது என்பது பெறப்படும். மேலும் ஒரு சான்று: 1979இல் வந்த நம்முடைய நாணயத்தாள்களை வரைந்தவர் லக்கி சேனாநாயக்க. தலைவர் முகம் எதுவுமின்றி, பறவையும் மீனும் செடியும் கொடியுமாக வரைந்து தந்தார். காசிலேயே காடு வளர்ந்த நாட்டில் ஒரு பூவுக்கா பஞ்சம்? குமாரசுவாமியின் பெயர் தாங்கிய வீதியின் நடைபாதையில் இன்றும் ஓவியம் விற்கிறார்கள். வெறும் வெள்ளைத் தாளை அங்கே யாரும் மாட்டி வைத்து நான் கண்டதில்லை.

இனி அசைன்மென்ட். கொள்ளுப்பிட்டிப் புகையிரத நிலையத்துக்கு மும்மொழி அறிவிப்பு ஒன்று செய்ய வேண்டும். முதலில் ஆங்கிலம் வந்து அமர்ந்தது. சுற்றிலும் வெள்ளை, அவள் முகத்தில் நிம்மதி. அடுத்து சிங்களம், வட்டம் வட்டமாக, அதுவும் இசைந்தது. தமிழ் கடைசியில்தான் வந்தது. (எந்த அலுவலகத்திலும் கடைசியில்தான் வரும்.) யாரோ பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்த கோப்பு அது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அதை யுனிகோடுக்கு மாற்றினாள். உடனே அடுத்த வில்லங்கம். வடிவமைப்பு மென்பொருளை நம் மொழிகளுக்குரிய தெரிவுக்கு மாற்றாவிட்டால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். ஊர்ப் பெயரே கொம்பில் தொடங்குவதால், நிலையத்தின் பெயர் முதலெழுத்திலேயே தடம்புரண்டது. அதையும் நிமிர்த்தினாள். அப்போதுதான் தெரிந்தது, வரி கட்டத்துக்குள் அடங்கவில்லை.

இந்த இடத்தில் மாணவ உலகம் முழுவதும் செய்வது ஒன்றே: தமிழைத் தெரிவு செய், மூலையைப் பிடித்து இழு, சின்னதாக்கு. எனவே இவ்வாய்வின் முடிபு வருமாறு: கொழும்பின் மும்மொழிச் சுவரொட்டியில் வெற்றிடம் என்பது பெரும்பாலும் தமிழை ஒதுக்கிப் பிடித்த காணி. அழகியல், சமநிலை, மூச்சு விடுதல் என்பனவெல்லாம் அதற்குப் பின்னர் எழுதப்பட்ட உறுதிகள்.

என் மருமகள் ஒரு மாலை முழுவதும் அந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டினாள். 'ளு', 'ட்டி' இரண்டும் மேல்வரியோடும் கீழ்வரியோடும் முட்டாமல் இருக்க வரி இடைவெளியைக் கூட்டினாள். கடைசியில் ஹெல்வெட்டிகாவைக் கைவிட்டாள். தமிழ் எழுத்தின் தடிப்புக்குப் பொருந்தும் ஆங்கில எழுத்தைத் தேடி எடுத்தாள். மூன்று மொழியும் ஒரே கண்ணளவில் நின்றன. வெள்ளை பாதியாகிவிட்டது. அக்கா எட்டிப் பார்த்து, "இப்ப நிறைவாயிருக்கு" என்றார். மருமகளுக்கு அது வசையாகவே கேட்டது.

வகுப்பிலிருந்து குறிப்பு வந்தது: நல்ல முயற்சி, ஆனால் நெரிசல், தமிழை மட்டும் சற்றுக் குறைத்தால் தாள் மூச்சு விடும்.

"என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டேன்.

"குறைச்சிட்டன் மாமா," என்றாள். "இங்கிலீஷை."

புள்ளி அடுத்த கிழமை வருமாம்.