சறுக்கலுக்குத் தண்டனை என்ன?

கேள்வி: ஆறு மாதம் குடிக்காமல் இருந்தவர் ஒருநாள் குடித்துவிட்டு, 'நான் தேறவே மாட்டேன்' என்கிறார். எண்ணத்தை மாற்றினால் குடி மாறிவிடுமா?

பதில்: குடித்தது குற்றமாம், அதற்கு அவர் மனம் விதிக்கும் தண்டனை, மறுபடியும் குடிப்பதாம்! இப்படியொரு நீதிபதியை எந்த ஊரிலும் வைத்திருக்க மாட்டார்கள். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், ஜூடித் கார்டனுடன் சேர்ந்து 1985இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்கினார்: ஒருமுறை சறுக்கியவரை முழுக் குடிக்குத் தள்ளுவதில், 'என் குணமே இப்படித்தான்' என்ற எண்ணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த எண்ணம் உண்மையும் அல்ல. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மீண்டும் சறுக்குகிறார்கள் என்கிறது அமெரிக்க தேசிய போதைப் பழக்க ஆய்வு நிறுவனம். ரத்தக் கொதிப்பிலும் ஆஸ்துமாவிலும் நோய் இப்படி மீண்டும் தலைதூக்குவது 50 முதல் 70 சதவீதம். பிரஷர் ஏறியவரை யாரும் 'ஒழுக்கம் கெட்டவர்' என்று திட்டுவதில்லை, மாத்திரையைத்தான் சரிபார்க்கிறோம்.

'இது குடிக்கச் சாக்கு ஆகிவிடாதா?' என்பீர்கள். 'பரவாயில்லை, இன்னொன்று ஊற்று' என்பதுதான் சாக்கு. 'சறுக்கினேன், இழுத்தது எது? சம்பள நாளா, பழைய சிநேகிதரா, வீட்டுச் சண்டையா?' என்பது கணக்குக் கேட்பது. இதுதான் கறாரானது. 'நான் உதவாக்கரை' என்பவர் அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கணக்குக் கேட்டவரோ நாளைக்கே வழியை மாற்றியாக வேண்டும். ஆனால் எண்ணம் மட்டும் போதாது. நெடுநாள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே எண்ணத்தைத் திருத்தச் சொல்லுங்கள். கையோடு டாக்டரிடமும் அழைத்துப் போங்கள்.