நிபந்தனையற்ற அமைதி

ஊரில் அமைதியை நிலைநாட்டுவது எப்படி என்று கற்க விரும்பும் அதிகாரிகள் நாமக்கல்லுக்கு வரலாம். செய்முறை எளிது. நூறு பேர் சேர்ந்து ஒருவனை மிரட்ட வேண்டும். உடனே அது 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை' ஆகிவிடும். பிரச்சினை அந்த நூறு பேர் அல்ல, மிரட்டப்பட்டவன். நூறு பேரை அடக்குவதென்றால் போலீஸ் வேண்டும், வேன் வேண்டும், அடுத்த தேர்தலில் பதில் சொல்லவும் வேண்டும். ஒருவனுக்கு ஒரு நாற்காலியும் வெள்ளைத்தாளும் போதும். "எதுக்குங்க வம்பு, ஊரோட ஒத்துப் போயிருங்க" என்று பெரியவர் ஒருவர் கனிவாகச் சொல்வார். கையெழுத்து விழும். டீ வரும்.

இந்தக் கலையின் உச்சம் 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அரங்கேறியது. எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வெளிவந்தது 2010இல். நான்கு ஆண்டுகள் யார் மனமும் புண்படவில்லை. புண்பட வேண்டுமென்றால் படிக்க வேண்டுமே. 2014 டிசம்பரில் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரெல்லாம் விநியோகித்தார்கள். திருச்செங்கோட்டில் புத்தகம் எரிந்தது. ஊர்க்கோயிலின் பெருமையைக் காக்கிறோம் என்று சொல்லி ஜனவரி 9 அன்று கடையடைப்பு. ஷட்டரை இழுத்து ஊரையே முடக்கியது 'பொதுமக்களின் உணர்வு'. வீட்டில் உட்கார்ந்து எழுதியது அமைதிக்குப் பங்கம். மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் அவர் வருத்தம் தெரிவித்துப் பார்த்தார். போதாதாம், நிபந்தனையற்ற மன்னிப்பு வேண்டுமாம். கொடுத்தார். சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்கவும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டார். அந்த வாரமே, தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாக அறிவித்தார். பதிப்பாளர்களுக்கு நட்டம் வந்தால் தானே ஈடு கட்டுவதாகவும் சொன்னார். சாவுச் செலவையும் செத்தவனே ஏற்றுக்கொண்ட பிறகு, கோப்பை மூடுவதில் யாருக்கு என்ன சிரமம்?

நாமக்கல் பண்ணைகளில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க, குஞ்சிலேயே சூடான கத்தியால் மூக்கை வெட்டுவார்கள். பார்க்கச் சகிக்காது. ஆனாலும் அதில் ஒரு நியாயம் உண்டு: எல்லாவற்றுக்கும் வெட்டுகிறார்கள். கொத்து வாங்கியதை மட்டும் தேடிப் பிடித்து வெட்டும் நுட்பம் அரசு அலுவலகத்துக்கே உரியது.

பெருமாள்முருகன் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் எழுதியவர் ஊரைவிட்டே போயிருந்தார்.

ஊர் நிம்மதியாக இருந்தால்தானே லாரி ஓடும், போர்வெல் ரிக் வண்டி ஓடும், முட்டை போகும் என்பார்கள். சரி. ஒரு எழுத்தாளனைக் காவு கொடுத்து வாங்கிய நிம்மதி எத்தனை நாள் ஓடியது? ஐந்து மாதம். 2015 ஜூன் 23 அன்று, யாருடைய பெருமையைக் காப்பதாகச் சொல்லிக் கடையடைத்தார்களோ அதே திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கோகுல்ராஜைக் கூட்டிப் போனார்கள். ஓமலூர்க்காரர், பொறியியல் பட்டதாரி, தலித். உடன்படித்த கவுண்டர் வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாக நிற்கும் சாமியின் கோயிலில் ஆணும் பெண்ணும் நின்று பேசியது குற்றம். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. டிசம்பரில் அத்தனை சுலபமாகப் புண்பட்ட மனங்கள் ஜூனில் எங்கே போயின?

கொலைக்குத் தலைமை தாங்கிய யுவராஜ் நூறு நாளுக்கு மேல் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் வீர உரை ஆற்றிக்கொண்டிருந்தார். அக்டோபரில், ஆதரவாளர்கள் புடைசூழ, நாமக்கல்லிலேயே சரணடைந்தார். அவரை எந்தப் பெரியவரும் ஊரோடு ஒத்துப்போகச் சொல்லவில்லை. ஒத்துப்போய்த்தானே இருந்தார்!

2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் அவருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. அதே ஆண்டு நவம்பரில், மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் அந்தப் பெண்ணை வரவழைத்து, கோயில் சிசிடிவி பதிவைப் போட்டுக் காட்டினார்கள். திரையில் கோகுல்ராஜோடு ஒரு பெண். அது நான் இல்லை என்றார் அவர். அவர்மேல் பாய எனக்கு மனமில்லை. நீ நீயாக இருக்காதே என்றுதான் பிறந்த நாள் முதல் ஊர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது; ஏழு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் தன் முகத்தைப் பார்த்தே அதை ஒப்பித்துக் காட்டினார். இதைவிட ஒத்துப்போன பிரஜையை எந்த ஊர் உருவாக்க முடியும்?

ஒத்துப்போகாதது அந்த கேமரா ஒன்றுதான். சேலம் திருமலைகிரியிலும் அதுதான் நடந்தது. 2023 ஜனவரியில், கோயிலுக்குள் போன தலித் இளைஞரை ஊர் நடுவே நிற்க வைத்து ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் வசைபாடினார். வீடியோ வெளியே வந்ததும் கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. யாரோ செல்போனைத் தூக்காமல் இருந்திருந்தால் அதுவும் நல்லபடியாக, டீயோடு முடிந்திருக்கும். சாதி பார்க்காமல், ஊர்ப் பெரியவரைக் கேட்காமல், கண்டதைக் கண்டபடி சொல்லும் இந்தக் கருவிகளால்தான் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சட்டம் ஒழுங்கு கெடுகிறது. தாசில்தார் யாராவது அவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பி, நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கட்டும்.