வராத கடைக்கு வரவேற்புக் கமிட்டி

தருமபுரி நான்கு ரோட்டுப் பக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எந்த டீக்கடையில் நின்றாலும் அவரைப் பார்க்கலாம். ஐம்பதை ஒட்டிய வயது, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் அக்கா மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த போன். தொழில் என்னவென்று கேட்டால் ஒருநாள் ரியல் எஸ்டேட் என்பார், மறுநாள் இன்சூரன்ஸ் என்பார். இரண்டுமே பொழுதுபோக்குக்குத்தான். முழுநேர உத்தியோகம் வேறு. வெளிநாட்டு ஃபாஸ்ட் ஃபுட் கம்பெனிகள் இந்தியாவுக்கு எப்போது வரும், வந்தால் தருமபுரிக்கு எப்போது வரும் என்று காத்திருப்பது. ஊரில் அவருக்குத் தலைவர் என்று பெயர். வரவேற்புக் கமிட்டித் தலைவர். செயலாளர், பொருளாளர் பதவிகள் காலியாக இருக்கின்றன. இதுவரை யாரும் போட்டியிடவில்லை.

தலைவரிடம் பேச்சுக் கொடுக்கும்போது ஒரு விதியை மறக்கக் கூடாது. ஏற்கெனவே இந்தியாவுக்கு வந்துவிட்ட கடையைப் புகழக் கூடாது. ‘மெக்டொனால்ட்ஸ்ல...’ என்று யாராவது ஆரம்பித்தால், “பழைய கதை எதுக்குப்பா இப்ப?” என்று மடக்கிவிடுவார். ஆனால் பழைய கதை எல்லாம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத் தேதிகளைப் போல அவருக்கு மனப்பாடம். கே.எஃப்.சி. 1995, பெங்களூர் பிரிகேட் ரோடு. மெக்டொனால்ட்ஸ் 1996, டெல்லி வசந்த் விஹார். டாக்கோ பெல் 2010, மறுபடி பெங்களூர். ஸ்டார்பக்ஸ் 2012, மும்பை. பர்கர் கிங் 2014, டெல்லி. பாப்பாய்ஸும் டிம் ஹார்ட்டன்ஸும் 2022. இவை ஒவ்வொன்றும் வருவதற்கு முன்னால் தலைவரின் பட்டியலில் இருந்தவைதான். திறப்பு விழா செய்தி வந்த அன்றைக்கே பெயரை அடித்துவிட்டார். “டெல்லிக்காரன் வாயில விழுந்தாச்சு. இனிமே நமக்கு அதுல என்ன இருக்கு?”

கே.எஃப்.சி. விஷயத்தில் மட்டும் அவருக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. பெங்களூரில் அந்தக் கடை திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1996 ஜனவரியில் நஞ்சுண்டசாமியின் விவசாயிகள் அமைப்பான கர்நாடக ராஜ்ய ரயத சங்கத்தார் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினார்கள். விவசாயிகளுக்கு அவர்கள் தரப்பு நியாயம் இருந்தது. தலைவருக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. “அங்க கண்ணாடிய ஒடச்சாங்க. ஆனாலும் திரும்பத் திரும்ப அங்கதான் கடை போடறான். இங்க 130 கிலோமீட்டர் தள்ளி நாம மாலையோட நிக்கறோம், எட்டிப் பாக்க மாட்டேங்கறான். மாலைய விட்டுட்டுக் கல்ல எடுத்தாதான் வருவான் போல.”

இப்போது நடப்பில் இருக்கும் பட்டியலுக்கு வருவோம். முதலிடம் இன்-என்-அவுட் என்கிற அமெரிக்க பர்கர் கடைக்கு. 1948-ல் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது.

“கறிய ஐஸ்ல வெக்க மாட்டான். கடையில ஃப்ரீசரே கிடையாது. கிளை உரிமம் யாருக்கும் குடுக்க மாட்டான். தூரமான ஊருக்குப் போகவே மாட்டான்” என்று தலைவர் கண் மினுங்கச் சொன்னார்.

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே கேட்டார். “அப்பறம் தருமபுரிக்கு எப்படிண்ணா வருவான்?”

“அதாம்ப்பா அவனோட கெத்து.”

“அது மாட்டுக்கறி கடை இல்லீங்களா?”

“மெக்டொனால்ட்ஸ்காரன் இங்க வந்தப்ப மாட்டுக்கறிய விட்டுட்டு ஆட்டுக்கறில மகாராஜா மேக் போடலியா? வரணும்னு மனசு வெச்சா எல்லாம் மாத்திக்குவான்.”

இரண்டாமிடம் ஃபைவ் கைஸ். அங்கே பர்கர் தயாராகும் வரைக்கும் வறுத்த வேர்க்கடலையைச் சும்மாவே எடுத்துக் கொறிக்கலாம் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து தலைவருக்கு அந்தக் கடைமேல் உறவுமுறைப் பாசம். “உருளைக்கெழங்கு பொரிக்கறதும் கல்லக்கா எண்ணெயிலதான். நம்ம காட்டுல விளையாத சாமானா அது?” பக்கத்தில் நின்ற பென்னாகரத்து விவசாயி ஒருவர், “அப்ப நானும் அமெரிக்காக்காரன்தான், தினமும் களத்துல சும்மாதானே கொறிக்கறேன்” என்றார். தலைவர் அவரைக் கமிட்டியில் சேர்க்கவில்லை.

மூன்றாவது சிக்-ஃபில்-ஏ. கோழிக்கறி சாண்ட்விச்சுக்குப் பேர் போனது. ஒரே சிக்கல், ஞாயிற்றுக்கிழமைதோறும் லீவு. நிறுவனரின் காலத்திலிருந்து அது மாறாத பழக்கம். தருமபுரியில் கோழி விற்பதே ஞாயிற்றுக்கிழமைதான். வெள்ளி, செவ்வாய் பல வீட்டில் கவுச்சி கிடையாது. சனிக்கிழமை பெருமாளுக்கு. புரட்டாசி முழுக்கக் கடை ஈயாடும். இதையெல்லாம் கூட்டிக் கழித்து, இந்தக் கம்பெனி இங்கே வந்தால் வருஷத்தில் எத்தனை நாள் வியாபாரம் நடக்கும் என்று டீக்கடை பெஞ்சில் கணக்குப் போட்டார்கள். வந்த விடையைப் பார்த்துவிட்டுத் தலைவர் சொன்னார், “வாடகைய நாம பேசிக் கொறைச்சுக்கலாம்.”

நான்காவது ஜாலிபீ, பிலிப்பைன்ஸ் கம்பெனி. பொரித்த கோழியோடு சோறும் அதன்மேல் ஊற்ற ஒரு குழம்பும் தருகிறார்கள். இதைக் கேட்டதும் டீ மாஸ்டர், “கோழி, சோறு, குழம்பு. இதைத்தானேண்ணா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மெஸ்ல போடறாங்க?” என்றார். தலைவர் பதில் சொல்லாமல் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வேறு கடை. நான்கு ரோட்டில் டீக்கடைக்கா பஞ்சம்?

அவருடைய அன்றாட வழிபாடு ஒன்றைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். போனில் ஒரு கம்பெனியின் வலைத்தளத்தைத் திறப்பார். ‘உங்கள் அருகிலுள்ள கடை’ என்ற கட்டத்தில் 636701 என்று தருமபுரியின் பின்கோடைத் தட்டுவார். கொஞ்ச நேரம் வட்டம் சுற்றும். அருகில் கடை இல்லை என்று வரும். தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போவார். ஒருமுறை அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கட்டம் ஐந்து இலக்கத்தோடு நின்றுகொண்டது. அந்த ஊர்ப் பின்கோடுக்கு ஐந்து இலக்கம்தான். கடைசி 1 உள்ளே போகவில்லை. 63670 என்பதோடு தேடல் ஓடி, வரைபடம் திறந்து, கடைகள் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகளாக எழுந்தன. தலைவர் பெஞ்சிலிருந்தே எழுந்துவிட்டார். “வந்துட்டான்டா!” கூட்டம் கூடிவிட்டது. காலேஜ் பையன் ஒருவன் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். அமெரிக்காவில் மிசௌரி மாநிலம். ஒரு இலக்கத்தில் தருமபுரி தப்பியது. அதற்குப் பிறகும் அவர் அந்த ஐந்து இலக்கத்தை அவ்வப்போது தட்டிப் பார்த்துக்கொள்வதாகக் கேள்வி.

வீட்டில் தலைவர் சாப்பிடுவது என்னவோ கேழ்வரகுக் களி. தட்டில் சூடான உருண்டை, நடுவில் குழி, குழியில் கருவாட்டுக் குழம்பு. விரலை நனைத்துக் கிள்ளி, குழம்பில் புரட்டி, வாயில் போட்டு, பல்லில் படாமல் விழுங்குவார். களியை மென்று தின்பவன் வெளியூர்க்காரன் என்பது அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். தட்டு காலியாக ஐந்து நிமிஷம்கூட ஆகாது. உலகத்தில் எந்தக் கம்பெனியாலும் இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. பரிமாறிய அம்மா ஒருநாள் கேட்டார். “ஏண்டா, அந்தக் கடைங்கல்லாம் வந்தா களி போடுவானா?”

“போட மாட்டாம்மா.”

“அப்பறம் எதுக்குடா அவனப் போயி கூப்புட்டுக்கினு கெடக்கற?”

அம்மாவுக்குச் சொல்ல அவரிடம் பதில் இல்லை. கலெக்டருக்குச் சொல்ல இருந்தது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுப்பதற்காக அவர் எழுதி, சட்டைப் பையிலேயே வைத்திருக்கும் மனுவை வாசிக்கும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது. ‘ஐயா, எங்கள் மாவட்டம் 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் எங்களிடமிருந்து பிரிந்து, ஓசூரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. தொழிற்சாலை போனது, ஐ.டி. வேலைக்குப் போய்வருகிற பையன்கள் போனார்கள், பர்கர் தின்கிற கூட்டமும் போனது. பாலக்கோடு தக்காளி விலை இல்லாத நாளில் ரோட்டோரம் கொட்டப்படுகிறது. இதைக் கெச்சப் ஆக்கலாம். மெக்டொனால்ட்ஸுக்கு உருளைக்கிழங்கு குஜராத்தில் விளைகிறது. எங்களிடம் குச்சிக்கிழங்கு இருக்கிறது, அதையும் நீளமாக நறுக்க முடியும். ஆகவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து...’ கீழே கையெழுத்து, கமிட்டி முத்திரை. முத்திரைக்குச் சேலத்தில் ஆர்டர் கொடுத்துச் செய்திருந்தார்.

சிரித்துக்கொண்டே படித்தவர்கள் தக்காளி வரி வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

வந்த கடையிடம் தலைவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கும் சாட்சி உண்டு. சில வருஷத்துக்கு முன்னால் ஊரில் ஒரு பீட்சா கடை திறந்தது. முதல் நாள் முதல் ஆளாகப் போனார். உட்கார்ந்து, சுற்றிப் பார்த்து, ஒரு துண்டு கடித்து, “மாவு வேகல” என்றார். மிளகாய்த்தூள் பொட்டலம் பன்னிரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர், அந்தப் பக்கம் பிறகு போகவே இல்லை. அவர் மகள் மாதா மாதம் தோழிகளோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். அந்தப் பெண்ணுக்குப் பீட்சா பிடிக்கும், அவ்வளவுதான். தலைவருடையது வேறு வகைப் பசி. அது கடை திறந்ததும் அடங்கிவிடுகிறது.

தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் பொரித்த கோழிக் கடைகளைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். சிவப்புப் பலகை, வெள்ளை எழுத்து. முதல் எழுத்து முதலாளியின் பெயருக்குத் தக்கபடி மாறும், பின்னால் வரும் எஃப்.சி. மட்டும் மாறாது. “அசல் வராததாலதான் நகல் ஆட்டம் போடுது” என்பார். இப்படிச் சொல்லிக்கொண்டே அவர் ராத்திரி வண்டிக் கடையில் சில்லி சிக்கன் வாங்குவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வண்டியில் ‘ஃபாஸ்ட் ஃபுட்’ என்றுதான் எழுதியிருக்கிறது.

அக்கா மகன் லீவுக்கு வந்தபோது தலைவர் அவனைப் பிடித்து உட்காரவைத்து, துபாயில் எந்தெந்தக் கடையில் என்னென்ன தின்றாய் என்று விசாரணை நடத்தினார். அவன், “மாமா, சம்பளம் வந்த அன்னைக்கு சரவண பவனோ அஞ்சப்பரோ. மாசக் கடைசில கையில காசில்லாதப்ப நீங்க சொல்ற அந்தப் பர்கர்” என்றான். பிறகு அவனே, “அங்க எங்க ரூம்ல எல்லாரும் ஏங்கறது என்னன்னு தெரியுமா? ஒகேனக்கல்ல பாறை ஓரத்துல கல்லுல போட்டு மீன் வறுத்துத் தருவாங்களே, அந்தம்மா ஒரு கடை துபாய்ல வெக்க மாட்டாங்களான்னுதான்” என்றான். தலைவர் கொஞ்சம் ஆடிப்போனார். அங்கேயும் ஒரு கமிட்டி இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

அன்றைக்கு ராத்திரி மனசு இளகியிருந்த நேரத்தில்தான் அவர் வாயிலிருந்து உண்மை வந்தது. “காஷ்மீர்லேந்து கன்னியாகுமரி போற 44-ஆம் நம்பர் ரோடு நம்ம ஊர் வழியாத்தான் போவுது. ராத்திரி பகலா எத்தனை கார், எத்தனை பஸ்ஸு. எல்லாரும் பெங்களூர்ல சாப்பிட்டுட்டு சேலத்துல எறங்கறான், இல்ல சேலத்துல சாப்பிட்டுட்டு பெங்களூர்ல எறங்கறான். தருமபுரின்னா தொப்பூர் கணவாய்ல பாத்துப் போன்னு சொல்றதோட சரி. ஒரு பெரிய கம்பெனி போர்டு நின்னா, இங்கயும் மனுஷன் இருக்கான்னு ஒருத்தனாவது பிரேக் போடுவான் இல்ல?”

எண்ணெயில் பொரித்த கோழிக்காக ஒருவர் இத்தனை வருஷம் காத்திருக்க மாட்டார் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் கேட்பது வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

அப்படிக் கேட்பது ஒன்றும் ஊருக்கு அவமானமில்லை. தகடூர் என்ற பழைய பெயரில் இந்த ஊரை ஆண்ட அதியமானின் முன்னோர்தான் கரும்பை வெளியிடத்திலிருந்து இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். வெளியூர்ச் சரக்குக்கு ஆசைப்படுவது தகடூரில் அரச வம்சத்துப் பழக்கம். அவர்கள் கரும்பு வருமா என்று காத்திருக்கவில்லை, போய்க் கொண்டுவந்தார்கள். அது ஒன்றுதான் தலைவருக்கும் அவர்களுக்கும் வித்தியாசம்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு தலைவர் இருப்பார். நாமக்கல்லிலோ, திருவண்ணாமலையிலோ, பட்டுக்கோட்டையிலோ, ஒரு டீக்கடை பெஞ்சில் பின்கோடு தட்டிக்கொண்டிருப்பார். அவரைக் கேலி செய்யாதீர்கள். டீ வாங்கிக் கொடுத்து, “எப்பண்ணா வருது?” என்று கேளுங்கள், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். கடை நிஜமாகவே வந்துவிட்டால் மட்டும் அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.