எய்தவன் இருக்க பிளக்கை நோவானேன்?

காலையில் கார் கிளம்பவில்லை என்றால் நம் ஊரில் முதலில் கைதாவது ஸ்பார்க் பிளக்தான். விசாரணை கிடையாது, ஜாமீனும் கிடையாது. கழற்றுவார்கள், ஊதுவார்கள், உப்புத்தாளால் தேய்ப்பார்கள். அப்போதும் வண்டி மசியாவிட்டால் நாலையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். பிளக் செய்த ஒரே குற்றம், வரிசையில் கடைசியாக நிற்பது. பழைய அம்பாசடரையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் 12 வோல்ட் சாவி வழியாகக் காயிலுக்குப் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் திறக்கும்போதெல்லாம் காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக்கி அனுப்புகிறது. ரோட்டார் அதை வாங்கி, 1-3-4-2 என்ற வரிசையில் நாலு பிளக்குக்கும் பந்தி பரிமாறுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் நொடிக்கு 100 பொறி! இத்தனை கை மாறி வரும் சோறு வந்து சேரவில்லை என்றால், இலை போட்டு உட்கார்ந்திருப்பவனையா அடிப்பது?

‘பிளக் என்ன பெரிய விலையா? மாற்றிவிட்டால் போச்சு’ என்பார்கள். விலையில் நியாயம் இருக்கிறது, முறையில் இல்லை. கழற்றிய பிளக் ஒரு சாட்சி. முனை இளம்பழுப்பாக இருந்தால் உள்ளே எல்லாம் நலம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது பொறி பலவீனம். எண்ணெய் பிசுபிசுத்தால் எஞ்சின் ஆயில் வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டது. வெளுத்துப்போயிருந்தால் அளவுக்கு மீறிய சூடு. இவ்வளவையும் சொல்லத் தயாராக இருக்கும் சாட்சியைக் குப்பையில் போட்டுவிட்டு வழக்கை முடிக்கிறோம். இதில் ஒரு விஷமமும் உண்டு. புது பிளக்கின் கூரான முனைக்குக் குறைந்த வோல்ட்டே போதும். அதனால் நோஞ்சான் காயில்கூட சில நாள் சமாளித்துவிடும். வண்டி கிளம்பும், பிளக்தான் குற்றவாளி என்று ஊரே நம்பும், அடுத்த மழையில் அதே இடத்தில் வண்டி நிற்கும்.

‘சோதிக்காமலா விட்டோம்? பிளக்கை எஞ்சினில் உரசி வைத்துப் பொறி பார்த்தோமே’ என்று அடுத்த வாதம் வரும். வெளிக்காற்றில் பொறி பறப்பது, குளியலறையில் பாடுவது மாதிரி. அங்கே எல்லாரும் வித்வான்கள்தான். சிலிண்டருக்குள் கலவை அழுந்தி நெருங்கி நிற்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். பாதிப் பேருக்கு அங்கேதான் சுருதி போகும். பெட்ரோல் ஆவி மிதக்கும் இடத்தில் பொறி விட்டு விளையாடுவது வேறு வம்பு. ஸ்பார்க் டெஸ்டர் என்ற சின்னக் கருவி, அகன்ற இடைவெளியைத் தாண்டச் சொல்லிக் காயிலின் உண்மையான தெம்பைக் கேட்கிறது. ‘மல்டிமீட்டரிலும் காயில் சரியாகத்தானே காட்டியது?’ என்றால், குளிர்ந்த காயில் பரீட்சை அன்று மட்டும் நல்ல பிள்ளை. சூடேறிய பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள், குணம் தெரியும்.

‘இதெல்லாம் பழங்கதை, இப்போது கம்ப்யூட்டரே சொல்லிவிடும்’ என்பது கடைசி வாதம். கம்ப்யூட்டர் பி0301 என்று சொல்லும். முதல் சிலிண்டரில் பற்றவில்லை என்பதுதான் அதன் பொருள். யாரால் என்று அது வாய் திறக்காது. பிளக்குக்கு ஒரு காயில் வைத்த வண்டியாக இருந்தால், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 ஆனால் காயில் மாட்டிக்கொண்டது. பி0301 ஆகவே நின்றால் அதற்கு விடுதலை. அடுத்த ஆளைக் கூப்பிடலாம். பழைய வண்டிக்கு இதைவிட மலிவான சோதனை இருக்கிறது: இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, எதையும் தொடாமல் பானட்டுக்குள் பாருங்கள். காப்பு வெடித்த ஒயரிலிருந்து கரன்ட் நீலமாகக் கசிந்து மினுக்கும். பகலெல்லாம் பிளக்கைத் திட்டிக்கொண்டிருந்தபோது வழியிலேயே சோற்றைத் தின்றுகொண்டிருந்தவன் அவன்தான்.