மாட்டிக்கிறதுக்கும் ஒரு மொறை இருக்கு

தம்பி, நாலு சக்கரமும் இழுக்குற வண்டி வாங்கிட்டியாமே, ரொம்ப சந்தோஷம். உன் அப்பார்ட்மென்ட்டு கேட்டுக்கும் சிப்காட் கேட்டுக்கும் நடுவுல இருக்கிற கொடூரமான காட்டுப் பாதையை அது இல்லாம எப்படித்தான் இத்தனை நாள் கடந்தியோ. மெட்ரோவுக்குத் தூண் நடுறேன்னு ஓஎம்ஆரைத் தோண்டிப் போட்டிருக்கிற அழகைப் பாத்தா, எனக்கே ஒண்ணு வாங்கலாமான்னு ஆசை வந்துச்சு. ஆனா நீ வாங்கினது அதுக்கு இல்லியாம். மார்கழி லீவுல மணாலி போயி, எவனும் போவாத பனித் தடத்துல உடப் போறியாம். உங்க வாட்ச்மேன் சொன்னான். ஊட்டுக்காரிக்குத் தெரியுமான்னு நான் கேக்கல.

போவாதன்னு சொல்ல வரல. உன் வயசுப் பசங்களைப் போவாதன்னு சொன்னா அன்னிக்கு ராத்திரியே பொறப்பட்டுடுவீங்க. தாராளமாப் போ, மாட்டிக்க. ஆனா ஒழுங்கா மாட்டிக்கணும், அதுக்கும் ஒரு மொறை இருக்கு. அந்த சாஸ்திரத்துல இந்தச் சிறுசேரியில என்னைக் கேக்காம யாரும் பேச முடியாது. நான் மாட்டினவன் இல்ல, மாட்டினவனை இழுக்குறவன். டிராக்டர் என்னுது.

தையூர் ஏரி தெரியுமில்ல? ஐப்பசி கார்த்திகையில ரொம்பி நிக்கும். பங்குனி சித்திரையில தண்ணி உள்வாங்கி, கரையோரம் மண்ணு காஞ்சி, பாளம் பாளமா வெடிச்சிக் கிடக்கும். பாத்தா கிரிக்கெட்டே ஆடலாம்னு தோணும். மாடு அந்தப் பக்கம் போவாது. ஏன்னா மேல நாலு விரக்கடை தான் காஞ்ச மண்ணு, கீழ முழங்கால் களி. மாட்டுக்குத் தெரியிற சங்கதி மாசம் லட்ச ரூபா வாங்குறவனுக்குத் தெரியல. ஞாயித்துக்கெழமை ஆனா வந்துடுவாங்க, கூலிங்கிளாஸ் போட்டுகினு, மேல ஒருத்தன் டிரோன் பறக்க உட்டுகினு.

ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்குற சின்ன கார்க்காரன் கரையை உட்டு எறங்குனதுமே நின்னுடுவான். நாலு பேரு கை குடுத்தா வெளிய வந்துடும், ஒரு டீயோட கதை முடிஞ்சிடும். எனக்கு அதுல பத்து பைசா லாபம் இல்ல. உன் ஜாதி வண்டி அப்படி இல்ல தம்பி. அது நடு ஏரி வரைக்கும் கம்பீரமாப் போயி, தள்ள ஆள் இல்லாத எடமாப் பாத்து ஒக்காரும். அதனாலதான் நாலு சக்கரக்காரங்க மேல எனக்குத் தனிப் பிரியம்.

மாட்டினதும் அவங்க செய்யிற மொத வேலை, ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துறது. சக்கரம் நின்ன எடத்துல சுத்திக் குழி பறிக்கும். அஞ்சே நிமிஷத்துல வண்டி வயிறு தரையில ஒக்காந்துடும். வயிறு ஒக்காந்துட்டா பாரம் முழுக்க வயித்து மேல. சக்கரத்துக்கு அமுக்கமே கிடையாது, ஆகாசத்துல சுத்துற கணக்குதான். அப்புறம் ஷூவைக் கையில புடிச்சிகினு களியில நடந்து வருவாங்க. காலையில "யோவ், வழி எப்படி?"ன்னு கேட்டவன் சாயங்காலம் "ஐயா"ம்பான். யோவுக்கு ஒரு ரேட்டு, ஐயாவுக்கு ஒரு ரேட்டு. கயிறை பம்பர்ல கட்டச் சொன்ன ஒரு பையன், பம்பரை மட்டும் தனியா ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனான். இழுக்குற கொக்கி அடிச்சட்டத்துல இருக்கும், வண்டி வாங்கின அன்னிக்கே அது எங்கன்னு பாத்து வெச்சிக்கிறது. கயிறு அறுந்து விசிறினா கால் எலும்பு தாங்காது, அதனால இழுக்கும்போது எல்லாரும் தள்ளி நிக்கணும். இதைச் சொல்றதுக்கு நான் தனியா காசு வாங்குறது இல்ல.

சரி, நாலு சக்கரமும் இழுக்குதுன்னு கம்பெனிக்காரன் சொன்னானே, அப்புறம் ஏன் மாட்டுது? கேளு. ஒவ்வொரு அச்சு நடுவுலயும் டிஃபரன்ஷியல்னு ஒண்ணு இருக்குது. வளைவுல வெளிப்பக்கச் சக்கரம் அதிகமா சுத்தணும், உள்பக்கம் கம்மியா சுத்தணும், அதுக்கு வெச்சது. நல்ல ரோட்டுல அது தெய்வம். களியிலயும் பனியிலயும் அதோட குணம், ஊர் சுத்துற மூத்த புள்ளைக்கே கஞ்சி ஊத்துற அம்மா குணம். எந்தச் சக்கரம் பிடிப்பில்லாம சும்மா சுத்துதோ, சுத்தெல்லாம் அதுக்கே போவும். கெட்டி மண்ணைப் புடிச்சிகினு நிக்கிற சக்கரம் பட்டினி. நாலு சக்கர கியரைப் போட்டா முன்னச்சும் பின்னச்சும் ஒண்ணா சேரும், வாஸ்தவம். ஆனா முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வழுக்குனா, ரெண்டு சுத்தும், ரெண்டு வேடிக்கை பாக்கும். அதுக்குத்தான் டிஃபரன்ஷியல் பூட்டுன்னு ஒண்ணு இருக்குது. புது வண்டியில சுத்துற சக்கரத்தை மட்டும் பிரேக் புடிச்சி அடக்குற வித்தையும் இருக்குது. உன் வண்டியில எது இருக்குதுன்னு கேட்டா, "சன்ரூஃப் இருக்கு"ங்கற. நல்லது. மாட்டினா அது வழியா ஏறி எட்டிப் பாக்கலாம்.

பனியைப் பத்தி இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்கிற. எனக்குத் தெரியாதுதான். மார்கழியில தாம்பரத்துலயே மப்ளர் கட்டுறவன் நான். ஆனா என் மச்சான் பட்டாளத்துல டிரைவர். மணாலிக்கும் லேவுக்கும் நடுவுல சக்திமான் லாரி ஓட்டினவரு. அவரு காலத்துல ரோத்தாங் கணவாய் மேல ஏறித்தான் போவணும், 13,000 அடிக்கு மேல. நவம்பர்ல பனி கொட்டி வழி மூடிச்சின்னா கோடை வந்துதான் தொறக்கும், அது வரைக்கும் அந்தாண்ட லாஹுல்காரங்க உள்ளயே கிடப்பாங்க. 2020 அக்டோபர்ல அடல் சுரங்கத்தைத் தொறந்தாங்க, 9.02 கிலோமீட்டர். அந்த ஊர் சனத்துக்கு அது உசுரு. உன்னை மாதிரி ஆளுங்களுக்கு அது ஒரு செல்ஃபி. சுரங்க வாயே பத்தாயிரம் அடி ஒசரத்துல இருக்குது. நீ தேன்நிலவுக்குப் போன ஊட்டியில தொட்டபெட்டா உச்சியே 8,650 அடிதான்.

2024 டிசம்பர்ல நடந்த கூத்தை நீயே போன்ல பாத்திருப்ப. மணாலிக்கு மேல இருக்கிற சோலாங்குக்கும் அந்தச் சுரங்கத்துக்கும் நடுவுல ஆயிரம் வண்டி கிட்ட நின்னுபோச்சு. போலீஸ்காரங்க ராத்திரியெல்லாம் பனியில நின்னு வண்டியைப் புடிச்சிப் புடிச்சி எறக்குனாங்க. டிரைவர் கதவைத் தொறந்து குதிச்சப்புறமும் வண்டி பாட்டுக்குத் தனியா வழுக்கிட்டுப் போச்சு. அதுல உன் ஜாதி வண்டி இல்லன்னா நெனைக்கிற? பனி கொட்டினா சோலாங்குக்கு மேல நாலு சக்கரமும் இழுக்குற வண்டியையும், சக்கரத்துல சங்கிலி கட்டினதையும் தான் உடுவாங்க. உள்ள போயி மாட்டிக்கிற அனுமதிச் சீட்டே உன் வண்டிதான்.

மச்சான் ஒரு விஷயம் சொல்வாரு, அதை மட்டும் மனசுல வெச்சிக்க. நாலு சக்கரமும் இழுக்குறது மேல ஏறுறதுக்குத்தான். நிக்கிறதுக்கு அது உதவாது. மாருதி எண்ணூறுலயும் பிரேக் நாலு சக்கரத்துக்குத்தான், உன் இருபது லட்சத்துலயும் நாலு சக்கரத்துக்குத்தான். ஏறும்போது வண்டி கெத்தா ஏறுது, அந்த தைரியத்துல எறக்கத்துல பிரேக்கை மிதிக்கிறான், சக்கரம் நிக்குது, வண்டி நிக்கல. மொத கியர்ல போட்டு, எஞ்சினையே புடிக்க உட்டு, பெடல்ல கால் வைக்காம எறங்குறதுக்கு நெஞ்சுல தில்லு வேணும். புதுப்பனி பரவாயில்லியாம். பத்து வண்டி ஓடி அமுக்கின பனி பகல்ல கசிஞ்சி, சாயங்காலம் மறுபடி ஒறைஞ்சா அதுதான் எமன். சில எடத்துல ஐஸ் கண்ணுக்கே தெரியாதாம். கீழ தார் ரோடு கறுப்பாத் தெரியும், மேல மெல்லிசா ஒரு படலம். காலத்துக்கும் சக்திமான் ஓட்டினவரு இதைச் சொல்லும்போது மட்டும் குரலை எறக்கித்தான் சொல்வாரு.

அதெல்லாம் சாதாரண சனங்க மாட்டிக்கிறது. நீ பேரு வாங்குற மாதிரி மாட்டிக்கணும்னா முன்னோருங்க வழி இருக்குது. 2023 கிறிஸ்துமஸ் சமயத்துல லாஹுல்ல டிராபிக் நெரிசல். தார்ங்கிற உன் ஜாதி வண்டியை வெச்சிருந்த ஒருத்தன் பொறுமை இல்லாம சந்திரா ஆத்துலயே வண்டியை எறக்கி ஓட்டுனான். மாட்டல, அக்கரை சேந்துட்டான். ஆனா போலீசு 3,500 ரூபா சீட்டு எழுதிச்சு. மறு வருஷம் ஜூன்ல குஜராத்துல முந்த்ரா கடற்கரையில ரெண்டு தாரைக் கடல்ல எறக்கி ரீல்ஸ் எடுத்தானுங்க. அலை வந்து எஞ்சினைக் குளிப்பாட்டிச்சு. ஊர்க்காரங்க சேந்து இழுத்துப் போட்டாங்க, அப்புறம் வழக்கும் பதிவாச்சு. நம்ம கோவளத்துலயும் மணல்ல எறக்குறேன்னு கண்ணு வெச்சிருக்கியாமே? தை மாசியில கடலாமை முட்டை வைக்கிற மணலு அது. நான் டிராக்டரோட வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

சரி, நீ மணாலிக்கே போ. மேல நல்லா மாட்டணுமா, வழி சொல்றேன். துணைக்கு இன்னொரு வண்டி கூட்டிட்டுப் போவாத, அப்புறம் அவன் இழுத்து உட்டுடுவான். பொழுது சாஞ்சப்புறம் தடத்துல எறங்கு. எங்க போறன்னு ஓட்டல்காரன் கிட்ட மூச்சு உடாத. டயர்ல காத்து 35லயே வெச்சிக்க. 18க்கு எறக்கினா டயர் பரந்து ஒக்காந்து மண்ணையும் பனியையும் புடிச்சிக்கும், வேடிக்கை போயிடும். காத்து எறக்கினா திரும்ப அடிக்க சின்ன பம்பு வேற வாங்கணும், அது எதுக்கு வீண் செலவு? மண்வெட்டி வேணாம், உன் கை சாப்ட்வேர் கை. ரேடியேட்டர்ல கூலன்ட் எதுக்கு, நம்ம ஓஎம்ஆர் லாரித் தண்ணியையே ஊத்திக்க, ராத்திரி ஒறைஞ்சி வெடிக்கும்போது நம்ம ஊரு ஞாபகம் வரும். டீசலையும் கீழ சமவெளியிலயே ரொப்பிக்க. மேல குளிர்ல அது மெழுகாத் தெரண்டு பில்டரை அடைச்சிக்கும். 2019ல லடாக்குக்குன்னே மைனஸ் 33 வரைக்கும் ஒறையாத டீசலை இந்தியன் ஆயில்காரன் கொண்டாந்தான், அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு. தூங்கும்போது ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்துப் போடு. காலையில அது ஒறைஞ்சி ஒட்டிகினு வராது. கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வெச்சிட்டுப் படுத்தவன் எட்டு மணிக்குக் கெளம்பிப் போயிடுவான், அவனுக்கு ஒரு கதையும் இருக்காது.

ஒண்ணு மட்டும் கிண்டல் இல்ல. பனியில மாட்டினா குளிருதுன்னு கண்ணாடியெல்லாம் ஏத்தி, எஞ்சினை ஓட உட்டு, ஹீட்டர் போட்டுத் தூங்கிடாத. பொகைக் குழாயைப் பனி மூடிச்சின்னா அந்த விஷக் காத்து வண்டிக்குள்ளயே வரும். வாசனை கிடையாது, நெறம் கிடையாது. 2022 ஜனவரியில பாகிஸ்தான்ல முர்ரின்னு ஒரு மலை ஊரு, பனி பாக்கப் போன சனம் ஒரே ராத்திரியில இருபது பேருக்கு மேல செத்தாங்க, முக்கால்வாசிப் பேரு காருக்குள்ளயே. குடும்பம் குடும்பமா. அரை மணிக்கு ஒரு தரம் எறங்கி பொகைக் குழாயைச் சுத்திப் பனியை வாரணும், கண்ணாடியைக் கொஞ்சம் எறக்கி வெக்கணும், எஞ்சினைக் கொஞ்ச நேரம் போட்டு நிறுத்தணும். புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறியா? அப்படின்னா தடம் கிடம் எதுவும் வேணாம், சோலாங்குலயே பனியை உருட்டி ஆடிட்டு வந்துடு.

உன் மூஞ்சி சுருங்கிடுச்சு. சரி உடு. நம்ம ஊர்க்காரனுக்கு வண்டியை எங்க நிறுத்தணும்னு தெரியாமலா போச்சு? 2023 டிசம்பர்ல மிச்சாங் புயல் வந்தப்ப வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா நிறுத்தி வெச்சிருந்தாங்களே, அதுல உன் ஜாதி வண்டி எத்தினி இருந்துச்சு! தண்ணியில போவேன், மலையில போவேன்னு விளம்பரத்துல தாவினதெல்லாம், வெள்ளம் வந்ததும் பாலத்து மேல குந்திகினு கீழ வேடிக்கை பாத்துச்சு. புத்திசாலித்தனம்னா அது.

அப்பல்லாம் எங்க மாட்டு வண்டி கழனி சேத்துல அச்சு வரைக்கும் எறங்கும். எங்கப்பா மாட்டை ஒரு அடி அடிக்க மாட்டாரு. மொதல்ல நெல்லு மூட்டையை எறக்குவாரு. அப்புறம் சக்கரத்துக்கு முன்னாடி சேத்தை வாரித் தள்ளி, பனை ஓலையும் வைக்கோலும் போட்டு, கொஞ்சம் பின்னால தள்ளி, வந்த தடத்துலயே திரும்ப ஏத்துவாரு. அரை மணி ஆவும். அந்த அரை மணியில ஒரு வெத்தலை போட்டுக்குவாரு. இப்ப பிளாஸ்டிக்குல பலகை விக்கிறாங்களாமே, சக்கரத்துக்கு அடியில வெக்க, சோடி ஆயிரக்கணக்குல? எங்கிட்ட உரச் சாக்கு இருக்குது. நாலு குடுக்குறேன், எடுத்துட்டுப் போ. பனியிலயும் அது புடிக்கும், மச்சான் சொன்னாரு. பின்னாடி சீட்டுல அந்த டிரோன் பொட்டியைத் தூக்கிட்டு அதை வெச்சிக்க.

திரும்ப வந்ததும் அலசிக் காயப்போட்டுக் குடுக்கணும், ஆமா. அப்புறம் அங்கயிருந்து ராத்திரி பன்னெண்டு மணிக்கு எனக்குப் போன் பண்ணி அழாத. என் டிராக்டர் கேளம்பாக்கம் தாண்டினாலே போக்குவரத்து டீசல் காசு தனி.